பிவிஏ உறைஜெல்லை எப்படிக் கிருமிநீக்கம் செய்வது: ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. 10 மி.மீ. விட்டமும் 8 மி.மீ. உயரமும் உள்ள, நீர் நிறைந்த ஒரு பாலிவினைல் ஆல்கஹால் (பிவிஏ) ஜெல் வட்டு. 15 சதவீதக் கரைசலை மூன்று முறை உறையவைத்து, மூன்று முறை உருகவிட்டுச் செய்தது, அதனால்தான் உறைஜெல் என்ற பெயர். தேய்ந்த குருத்தெலும்பின் இடத்தில் வைப்பதற்கு இந்தப் பாலிமர் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. கால் பெருவிரல் மூட்டுக்கான பிவிஏ பொருத்தி ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் ஒப்புதல் அளித்தது. உடலுக்குள் போகும் பொருள் என்பதால் பத்து லட்சம் வட்டுகளில் ஒன்றுக்கு மேல் உயிருள்ள கிருமி இருக்க வாய்ப்பில்லை என்ற அளவுக்குக் கிருமிநீக்கம் வேண்டும். கூடவே அதன் விறைப்பு, நீர் ஏற்கும் அளவு, வடிவம் மூன்றும் மாறக் கூடாது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கிருமியைக் கொல்லும் ஒவ்வொரு வழியும் ஜெல்லையும் தொடுகிறது.

எந்த வழி எவ்வளவு தொடும் என்பதை ஒரே கேள்வி தீர்மானிக்கிறது: இந்த ஜெல்லை எது பிடித்து வைத்திருக்கிறது? உறையவைத்துச் செய்த பிவிஏவில் வேதிப் பிணைப்பு எதுவும் சங்கிலிகளைக் கட்டவில்லை. நீர் பனிக்கட்டியாகும்போது பாலிமர் இடைவெளிகளில் நெருக்கப்படுகிறது. அருகருகே வந்த சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்ந்து நுண்படிகங்கள் ஆகின்றன. அந்த நுண்படிகங்களே முடிச்சுகள். உலர்ந்த பிவிஏவின் படிகம் உருக 220 °செ-க்கு மேல் வேண்டும். நீரில் ஊறிய நுண்படிகமோ 60 முதல் 80 °செ-க்குள் கரைந்துவிடும். இந்த ஒரு எண்ணை மறந்தவர்கள்தான் ஆட்டோகிளேவிலிருந்து (121 °செ அழுத்த நீராவியால் கிருமிநீக்கும் கலன்) பையை எடுக்கும்போது வட்டுக்குப் பதில் கொழகொழத்த திரவத்தைப் பார்க்கிறார்கள். குளிரவைத்தாலும் பழைய வட்டு திரும்பாது.

இதே ஆட்டோகிளேவ் மென்மையான கான்டாக்ட் லென்ஸுக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. ஹைட்ராக்ஸிஎத்தில் மெத்தாக்ரிலேட் லென்ஸில் முடிச்சுகள் சகப்பிணைப்பால் ஆனவை, அதனால் 121 °செ அதற்குப் பொருட்டில்லை. உப்புநீரில் மூழ்கிய நிலையில் மூடிய கொப்புளப் பொதியிலேயே அதைக் கிருமிநீக்கம் செய்கிறார்கள். கவனிக்க வேண்டியது பொதியைத்தான். உள்ளே நீராவி அழுத்தம் ஏறும்போது வெளியே காற்றழுத்தம் கூட்டி ஈடுகட்டாவிட்டால் மூடி பிளந்துவிடும். ஆகவே ‘ஹைட்ரோஜெல்லை ஆட்டோகிளேவ் செய்யலாமா’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த ஜெல் என்று கேட்க வேண்டும்.

வாயு வழி

வெப்பம் ஆகாது என்றதும் பலரும் எத்திலீன் ஆக்சைடுக்குப் போகிறார்கள். 37 முதல் 63 °செ வரையான வெப்பநிலை, லிட்டருக்கு 450 முதல் 1200 மி.கி. வாயு, 40 முதல் 80 சதவீத ஈரப்பதம். காகிதத்தில் பார்த்தால் பிவிஏவுக்குப் பொருத்தமாகவே தெரியும். ஆனால் நம் வட்டில் பெரும்பகுதி நீர். எத்திலீன் ஆக்சைடு நீரில் நன்றாகக் கரையும். கரைந்தது நீருடன் வினைபுரிந்து எத்திலீன் கிளைக்கால் ஆகிறது. வட்டு உப்புநீரில் ஊறியிருந்தால் குளோரைடுடன் சேர்ந்து எத்திலீன் குளோரோஹைட்ரினும் உருவாகிறது. இது வாயுவைப்போல எளிதில் வெளியேறாது, காற்றோட்ட அறையில் வைத்தாலும் ஜெல்லுக்குள்ளேயே தங்கும். நிரந்தரமாக உடலில் இருக்கும் பொருளுக்கு இந்த வாயு எச்சங்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 10993-7 வைக்கும் நீண்டகால வரம்பு கடுமையானது: நாளொன்றுக்குச் சராசரியாக எத்திலீன் ஆக்சைடு 0.1 மி.கி., குளோரோஹைட்ரின் 0.4 மி.கி. ஈர ஜெல்லை வைத்துக்கொண்டு இதை நிரூபிப்பது பெரும்பாடு. இன்னொரு இடர் பொதியில் இருக்கிறது. வாயு உள்ளே போக வேண்டுமானால் உறை மூச்சுவிட வேண்டும். மூச்சுவிடும் உறை வழியே ஜெல்லின் நீரும் போய்விடும்.

உலர்த்தி, வாயு கொடுத்து, பிறகு ஊறவைக்கலாமே என்ற யோசனை பாலிஎத்திலீன் கிளைக்கால் வலையமைப்புகளுக்குச் சரிப்படும். பிவிஏவுக்குச் சரிப்படாது. உலரும்போது சங்கிலிகள் மேலும் நெருங்கிப் புதிய நுண்படிகங்கள் உண்டாகும். மறுபடி ஊறவைத்தால் பழைய அளவுக்கு உப்பாது, முன்னைவிட விறைப்பாக இருக்கும். அது வேறொரு பொருள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா வெற்றிடத்தை நம்பி நடக்கிறது. ஈரமான பொருளை உள்ளே வைத்தால் அழுத்தம் இறங்காமல் கருவியே சுழற்சியை நிறுத்திவிடும். 70 சதவீத ஆல்கஹால் ஸ்போர்களை (கடும் சூழலைத் தாங்கும் கிருமி வித்துகள்) கொல்லாது என்பதால் அதைக் கிருமிநீக்கம் என்று எழுதவே கூடாது. மேலும் பிவிஏவிலிருந்து நீரை இழுத்துச் சுருக்கிவிடும். புற ஊதா ஒளி மேற்பரப்போடு சரி. மீயுயர்நிலைக் கரியமில வாயு (வாயு, திரவம் என்ற வேறுபாடு மறையும் நிலையில் உள்ளது), 31 °செ-க்கும் 74 பாருக்கும் சற்று மேலே இயங்குவதால், வெப்பம் தாங்காத ஜெல்லுக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் ஸ்போர்களைக் கொல்ல அதனுடன் பெராசிட்டிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சேர்மானத்தின் எச்சத்தையும், அழுத்தம் இறக்கும்போது ஜெல்லுக்குள் குமிழி வருகிறதா என்பதையும் தனியே பார்க்க வேண்டும்.

கதிர் வழி

உண்மையான தேர்வு காமா அல்லது எலக்ட்ரான் கற்றைக்கும், கிருமியற்ற முறையில் நிரப்புவதற்கும் இடையில்தான். கதிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் அது கெடுக்கவும் செய்கிறது, கட்டவும் செய்கிறது.

நீர் மிகுந்த ஜெல்லில் கதிர் பெரும்பாலும் நீரைத்தான் தாக்குகிறது. நீர் சிதைந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பு (இணையற்ற எலக்ட்ரானால் உடனே வினைபுரியும் துணுக்கு) பிறக்கிறது. அது பிவிஏ சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்க, சங்கிலியிலேயே ஒரு தனி உறுப்பு உண்டாகிறது. அப்படிப்பட்ட இரண்டு சங்கிலிகள் சந்தித்தால் சகப்பிணைப்பு, அதாவது குறுக்கிணைப்பு. ஆக்சிஜன் முந்திக்கொண்டால் பெராக்சில் உறுப்பாகி, சங்கிலி அறுபடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஜெல் விறைக்கிறது, இருக்கும் இடத்தில் தளர்கிறது.

எவ்வளவு ஆக்சிஜன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பொதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். காற்றோடு தொடர்பில் இருந்த நீரில் லிட்டருக்குச் சுமார் 0.25 மில்லிமோல் ஆக்சிஜன் கரைந்திருக்கும். ஒரு கிலோகிரே (பொருள் உறிஞ்சும் கதிரின் அலகு) அளவு கதிர் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 0.6 மில்லிமோல் தனி உறுப்புகளை உருவாக்குகிறது. ஆகவே கிருமிநீக்கத்துக்கு வழக்கமான 25 கிலோகிரே கொடுக்கும்போது, கரைந்திருந்த ஆக்சிஜன் அரை கிலோகிரே சுமாரிலேயே தீர்ந்துவிடும். மீதி முழுவதும் குறுக்கிணைப்புக்கே போகும். ஆனால் பைக்குள் ஜெல்லின் கனஅளவுக்குச் சமமாகக் காற்று விட்டுவைத்தால், அந்தக் காற்றில் உள்ள ஆக்சிஜன் ஜெல்லில் கரைந்ததைவிட முப்பது மடங்குக்கும் மேல். காமா கதிர் தரும் கோபால்ட் 60 நிலையத்தில் பொதி மணிக்கணக்கில் நிற்கிறது, அதற்குள் ஆக்சிஜன் மேற்பரப்பிலிருந்து உள்ளே ஊடுருவும். விளைவாக வெளித்தோல் வழுவழுப்பாக, நடுப்பகுதி விறைப்பாக ஒரு வட்டு கிடைக்கும். சராசரி மீட்சிக் குணகம் (விறைப்பின் அளவு) மட்டும் பார்த்தால் இது தெரியாது. மேல்தோலை மெல்லிய சீவலாக வெட்டி எடுத்துத் தனியே சோதிக்க வேண்டும். எலக்ட்ரான் கற்றை அதே அளவை நொடிகளில் கொடுத்துவிடுவதால் இந்த ஊடுருவலுக்கு நேரமே இல்லை.

எனவே பொதி அலுமினியப் படலம் உள்ள அடுக்குப் பையாக இருக்கட்டும். ஜெல் முழுவதும் திரவத்தில் மூழ்கி, காற்றிடம் இல்லாமல் வெப்பமுத்திரை போடுங்கள். திரவத்தை முன்கூட்டியே நைட்ரஜன் அல்லது ஆர்கான் குமிழிவிட்டு ஆக்சிஜன் நீக்குங்கள். நைட்ரஸ் ஆக்சைடை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது நீரேறிய எலக்ட்ரான்களையும் ஹைட்ராக்சில் உறுப்புகளாக மாற்றி, குறுக்கிணைப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும்.

25 கிலோகிரே என்பது ஒரு கிராமுக்கு 25 ஜூல். நீரில் இது 6 °செ உயர்வு. காமாவில் அந்த வெப்பம் மெல்லக் கலைந்துபோகும். எலக்ட்ரான் கற்றையில் உடனே ஏறும், ஆகவே கோடைக் கிடங்கிலிருந்து 38 °செ-இல் வந்த பொதியை அப்படியே கற்றைக்கு அனுப்பாமல் முன்பே குளிரவைப்பது நல்லது. ஹைட்ரஜன் வாயுவும் பிறக்கிறது, 25 கிலோகிரேக்கு லிட்டர் நீரில் ஒரு மில்லிமோலுக்குக் குறையாமல். நீரில் கரையும் எல்லையை இது தாண்டிவிடும். கதிர்வீச்சுக்குப்பின் ஜெல்லுக்குள் ஊசிமுனைக் குமிழிகள் தென்பட்டால் நிரப்பும்போது காற்று புகுந்தது என்று முடிவுகட்டும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 25 கிலோகிரே என்று சான்றிதழில் இருப்பது குறைந்தபட்ச அளவு. நீர் நிறைந்த பெட்டிகள் அடர்த்தியானவை, கதிரைத் தடுப்பவை. வெளிவரிசைப் பொதிகள் 35, 40 கிலோகிரே வாங்கியிருக்கலாம். 10 மெகா எலக்ட்ரான்வோல்ட் கற்றை ஒரு பக்கத்திலிருந்து நீரில் 3 செ.மீ. சொச்சம்தான் சீராகப் பாயும், இருபக்கமும் கொடுத்தால் 8 செ.மீ. சொச்சம். ஆகவே கிருமிநீக்கத்தைக் குறைந்தபட்ச அளவில் நிரூபியுங்கள், ஜெல்லின் பண்புகளை அதிகபட்ச அளவில் சோதியுங்கள். இரண்டையும் 25-இலேயே சோதித்த கோப்புகள் தணிக்கையில் நிற்பதில்லை, நோயாளியின் உடம்பிலும் நிற்பதில்லை.

கதிர் வட்டை எவ்வளவு மாற்றியது என்று பார்க்க விலையுயர்ந்த கருவி முதலில் வேண்டாம். ஒரு துண்டை வெட்டி எடைபோட்டு, 90 °செ நீரில் ஒரு மணி நேரம் போடுங்கள். கதிர் படாத துண்டு கரைந்து காணாமல் போகும். கதிர் பட்டது வடிவம் குலைந்தாலும் ஒரு மெல்லிய, கண்ணாடி போன்ற மிச்சத்தை விட்டுவைக்கும். அதை உலர்த்தி எடைபோட்டால் சகப்பிணைப்பால் கட்டப்பட்ட பங்கு எவ்வளவு என்பது கையில் கிடைத்துவிடும். பைக்குள் வட்டைச் சுற்றிப் புதிதாக நீர் கசிந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். வலை இறுகும்போது அதுதான் முதலில் கண்ணில் படும்.

இந்த இறுக்கத்தைத் தவிர்க்க இரண்டு உத்திகள் உண்டு. ஒன்று, உலர்பனியில் உறைந்த நிலையில் கதிர் கொடுப்பது. தனி உறுப்புகள் நகர முடியாமல் முடங்குவதால் சங்கிலிகள் தப்பிக்கின்றன. ஆனால் அதே காரணத்தால் கிருமிகளும் தப்பிக்கின்றன. அறை வெப்பநிலையில் நிறுவிய அளவை உறைநிலைக்குக் கொண்டுவர முடியாது, அளவை நிறுவும் சோதனையையும் உறைந்த பொதியிலேயே செய்தாக வேண்டும். பயணத்தில் உலர்பனி தீர்ந்த தொகுதியைக் கழித்துவிட வேண்டும். இரண்டாவது, அஸ்கார்பேட், மேனிடால் போன்ற தனி உறுப்புப் பிடிப்பான்களைச் சேர்ப்பது. வேலை செய்கிறது, ஆனால் அவற்றின் சிதைபொருள்களுக்குத் தனிப் பாதுகாப்புச் சான்று கேட்பார்கள்.

எங்கள் தீர்ப்பில் இவை இரண்டையும்விடத் தெளிவான வழி, கதிர் செய்யப்போகும் வேலையை முன்கூட்டியே செய்முறைக்குள் எழுதிவிடுவதுதான். மூன்று சுழற்சிகளில் கிடைக்கும் விறைப்பு வேண்டுமென்றால், இரண்டோடு நிறுத்தி மீதியைக் கதிருக்கு விடலாம். போலந்தின் லோட்ஜ் நகரில் ரோசியாக்கும் அவர் குழுவும் 1980களில் உருவாக்கிய புண்கட்டு ஜெல் இந்தச் சிந்தனையின் முழு வடிவம். பாலிவினைல் பைரோலிடோன், பாலிஎத்திலீன் கிளைக்கால், அகர், மீதி நீர். சூடாக ஊற்றினால் அகர் இறுகி வடிவத்தைப் பிடிக்கும். பொதியை மூடி 25 கிலோகிரே கொடுத்தால் பாலிமர் குறுக்கிணைந்து ஜெல்லாகிறது, அதே நொடியில் கிருமியும் ஒழிகிறது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் பிவிஏவை வைத்து இதே வழியில் புண்கட்டு ஜெல் உருவாக்கியது. டிராம்பேயில் 1974 முதல் இயங்கும் ஐசோமெட் காமா கிருமிநீக்க நிலையம் இருந்ததால் இந்தியாவில் இது ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. புண்கட்டில் விறைப்பு ஒரு பரந்த எல்லைக்குள் ஏறி இறங்கலாம். மூட்டுக்குள் வைக்கும் வட்டில் அந்தச் சலுகை இல்லை, 25-க்கும் 40-க்கும் இடையில் விறைப்பு எவ்வளவு மாறுகிறது என்ற வரைகோடு தட்டையாக இருந்தால்தான் இந்த வழி செல்லும்.

கிருமியற்ற முறையில் நிரப்புதல்

வரைகோடு தட்டையாக இல்லாத நிலையில் மிஞ்சுவது இதுதான். இதில் பிவிஏவுக்கு ஒரு பெரும் வசதி உண்டு. ஜெல்லைக் கெடுக்கும் 121 °செ, கரைசலை எதுவும் செய்வதில்லை. ஜெல் ஆவதற்கு முன்பே கிருமிநீக்கம் முடித்துவிடலாம். 15 சதவீதக் கரைசல் 0.22 மைக்ரான் வடிகட்டியில் போகாத அளவுக்குத் தடிமன் என்பதால் ஆட்டோகிளேவ்தான் வழி. பாலிஎத்திலீன் கிளைக்கால் டைஅக்ரிலேட்டுக்கு இது தலைகீழ். அந்தக் கரைசல் நீர்த்தது, வடிகட்டியில் எளிதாகப் போகும். சூடாக்கினால் எஸ்டர் நீராற்பகுப்பு அடையும், கதிர் கொடுத்தால் குப்பியிலேயே இறுகிவிடும்.

அசிட்டேட் தொகுதிகள் 98 சதவீதத்துக்கு மேல் நீராற்பகுத்து நீக்கப்பட்ட பிவிஏ ரகத்தையே வாங்குங்கள். 88 சதவீத ரகம் எளிதில் கரையும், ஆனால் மிஞ்சிய அசிட்டேட் தொகுதிகள் படிகமாவதைத் தடுப்பதால் வட்டு தொளதொளவென்று வரும். தூளைக் குளிர்ந்த நீரில் கிளறியபடி தூவி, பிறகு 90 முதல் 95 °செ-இல் ஒன்றிரண்டு மணி நேரம் கரைக்க வேண்டும். வெந்நீரில் கொட்டினால் வெளியே வழுவழுத்து உள்ளே தூளாகவே கட்டிகள் நிற்கும்.

ஆட்டோகிளேவில் நடக்கும் பொதுவான பிழை நேரக் கணக்கு. தடித்த கரைசலில் வெப்பச் சலனம் கிடையாது, நடுப்பகுதி மெல்லத்தான் சூடேறும். அறை 121 காட்டும்போது அரை லிட்டர் புட்டியின் நடுவே இன்னும் 100-ஐத் தொட்டிராது. வெப்பமின் இரட்டையை (வெப்பநிலை அளக்கும் கம்பி) ஒரு புட்டியின் மையத்தில் வைத்து, அங்கே 121 வந்த பிறகு 15 நிமிடத்துக்குக் குறையாமல் எண்ணுங்கள். வெப்பத்தை மிகத் தாங்கும் பாக்டீரியாவான ஜியோபாசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸின் ஸ்போர் குப்பியையும் அந்த மையத்திலேயே தொங்கவிடுங்கள். 100 மி.லி. புட்டிகளாகப் பிரித்தால் பாதிச் சிக்கல் தீரும். நீராவியை மெல்ல விடுங்கள், இல்லையேல் கரைசல் பொங்கி வழியும். முன்னும் பின்னும் எடை பாருங்கள். 500 கிராமில் 10 கிராம் நீர் போனாலே 15 சதவீதம் 15.3 ஆகிறது. மேலே கஞ்சி ஆறும்போது படிவதுபோல ஒரு ஆடை படியும், அதைக் கலந்து கரைக்காமல் நிரப்பினால் வட்டுக்குள் வெண்திட்டு நிற்கும்.

குமிழிகள் மேலே ஏறும் வரை கரைசலை 60 °செ-இல் இரவு முழுக்க வைத்திருந்து, அதே சூட்டில் காற்றோட்டத் தூய மேடைக்குள், கிருமிநீக்கிய அச்சுகளில் ஊசிக்குழாயால் அடியிலிருந்து மேலாக நிரப்புங்கள். பனிக்கட்டி 9 சதவீதம் விரியும் என்பதால் அச்சில் இடமோ நெகிழும் மூடியோ வேண்டும். மூடிய பிறகு உறைபெட்டி கிருமியற்றதாக இருக்கத் தேவையில்லை. கிருமியற்ற சூழல் தேவைப்படுவது நிரப்பும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டுமே. −20 °செ-இல் 16 மணி நேரம், பிறகு உருகல். உருகும் வேகம் விறைப்பைத் தீர்மானிக்கிறது. பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே மெல்லக் கடக்கும்போதுதான் நுண்படிகங்கள் அதிகம் வளர்கின்றன. தனியாக வைத்த அச்சும் அடுக்கின் நடுவே இருந்த அச்சும் ஒரே தொகுதியில் வெவ்வேறு விறைப்பில் வருவது இதனால்தான். வெப்பநிலையை நிரல்படுத்தும் அறை இல்லாவிட்டால் அச்சுகளை ஒற்றை வரிசையில் வையுங்கள்.

படிகமாகாத பிவிஏவைக் கழுவி நீக்கும் படிதான் இந்த வழியின் பலவீனம். கழுவ வேண்டுமானால் திறக்க வேண்டும். அச்சையே ரப்பர் அடைப்புள்ள கலனாக வடிவமைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டி வழியே உப்புநீரை உள்ளே விட்டு மாற்றுவது நல்ல தீர்வு. கழுவுநீரில் வெளியேறும் பிவிஏவை போரிக் அமிலம், அயோடின் சேர்த்து 690 நானோமீட்டரில் அளந்து, அது குறைந்து நிலைபெறும் வரை மாற்றுங்கள்.

வட்டுக்குப் பதில் வளர்ப்பு ஊடகத்தை நிரப்பிப் பார்க்கும் சோதனையை, வழக்கமான ஆட்கள், வழக்கமான நேர அளவு, மூன்று தொடர் ஓட்டங்கள் என்று நடத்தி, 14 நாள் அடைகாத்து, ஒன்றிலும் வளர்ச்சி இல்லை என்று காட்ட வேண்டும். இறுதிப் பொதியில் கிருமிநீக்கம் ஏன் முடியவில்லை என்பதற்கு மேலே சொன்ன சோதனை முடிவுகளையே ஒழுங்குமுறை அமைப்பு கேட்கும்.

சோதனையில் ஏமாறும் இடங்கள்

வட்டைக் கழுவிய நீரில் கிருமிகளை எண்ணினால் மேற்பரப்பில் உள்ளவைதான் வரும், ஜெல்லுக்குள் சிக்கியவை வெளிவரா. கிருமிச்சுமையை (கிருமிநீக்கத்துக்கு முன் இருக்கும் கிருமிகளின் எண்ணிக்கை) கரைசல் நிலையிலேயே எண்ணி, மேற்பரப்பு எண்ணிக்கையுடன் கூட்டுங்கள். கிருமியின்மைச் சோதனைக்கு வட்டை முழுதாகப் போடாமல் துண்டாக்கி ஊடகத்தில் போடுங்கள். 25 கிலோகிரே போதும் என்று குறைந்த சோதனைக் கதிர் அளவால் நிறுவும் விடிமேக்ஸ் முறையில் சராசரிச் சுமை பொருளொன்றுக்கு 1000-ஐத் தாண்டக் கூடாது. சோதனை அளவில் கதிர் பட்ட பத்துப் பொருள்களில் ஒன்றுக்கு மேல் வளர்ச்சி காட்டக் கூடாது.

எண்டோடாக்சினை, அதாவது பாக்டீரியாச் சுவரில் உள்ள நச்சை, இந்த வழிகளில் எதுவும் நீக்காது. செத்த கிருமியின் சுவரும் காய்ச்சல் தரும். பொதுவான பொருத்தி ஒன்றுக்கு வரம்பு 20 எண்டோடாக்சின் அலகு, மூளைத் தண்டுவடத் திரவத்தைத் தொடுவதற்கு 2.15. கண்ணாடிக் கலன்களை 250 °செ-இல் 30 நிமிடம் வைத்து எண்டோடாக்சினை அழிக்கலாம். பாலிமர் தூளையும் நீரையும் தொடக்கத்திலேயே சோதித்து வாங்க வேண்டும்.

சேமிப்புக் காலத்தை நிறுவ விரைவு முதுமைச் சோதனை செய்பவர்கள் பழக்கத்தில் 55 அல்லது 60 °செ-ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிவிஏ உறைஜெல்லுக்கு அது முதுமை இல்லை, உருகலின் வாசல். 40 °செ-ஐத் தாண்டாதீர்கள். 10 °செ-க்கு இரட்டிப்பு என்ற வழக்கமான கணக்கில் 25 °செ-இல் ஓராண்டுக்கு இணையாக 40-இல் ஏறக்குறைய 129 நாள் ஆகும். கூடவே அறை வெப்பநிலையில் இன்னொரு தொகுதியை உண்மையான காலம் முழுக்க வைத்து, கதிர்வீச்சின் மறுநாளும், முதல் மாதமும், பிறகு ஒவ்வொரு காலாண்டும் எடை, விட்டம், அமுக்க மீட்சிக் குணகம், 90 °செ மிச்சம் நான்கையும் அதே கருவியில் அளந்து பதியுங்கள்.